சமனுக்கு எண்பத்தைந்து

"டிரா வெச்சுக்கலாமுங்களா அம்மிணி?" என்று கேட்டுவிட்டு ஆறுச்சாமி கடிகாரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்ட, மோகனப்பிரியாவின் பக்கத்து நேரம் ஓடத் தொடங்கியது. நான்கு நிமிடம், பன்னிரண்டு வினாடி. கேட்டது என்னவோ அவளைப் பார்த்துத்தான். ஆனால் ஆடுவது அவளில்லை. ஆடுவது அவளுக்கு இடப்பக்கம் விசிறி இரைய உட்கார்ந்திருக்கும் கல்லூரி லேப்டாப். அதற்குள் இருக்கிற 'இடி 2.0' என்கிற செஸ் புரோகிராம். அது திரையில் சொல்லும் வெள்ளைக் காயை எடுத்து, அது சொல்லும் கட்டத்தில் வைப்பது மட்டும்தான் அவள் வேலை. வெறும் கை. வெறும் கைதானே, கையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று காலையில் தலையாட்டிவிட்டாள். பலகையைக் கொண்டுபோய் மணமேடையில் போடுவார்கள் என்று யார் கண்டது. திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபம். கீழே ஹாலில் நாற்பது மேஜைகளில் மாவட்டச் செஸ் போட்டி, மனிதர்களும் மனிதர்களும். மேலே மேடையில் 'மனிதனா, எந்திரமா' என்று சிறப்பு ஆட்டம். நேற்று நடந்த கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகளை இன்னும் யாரும் கழற்றவில்லை. சசிரேகா, வினோத். வினோத்தின் முதல் எழுத்து ஒற்றை ஊசியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே, மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில், லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற, ஒன்பது முறை மாவட்டக் கோப்பை வாங்கிய ஆறுச்சாமி, சந்தனப் பொட்டும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுமாக. சசிரேகாவுக்குக் கீழே... வேண்டாம், அந்த நினைப்பே வேண்டாம். கீழே செல்போனில் யாராவது எடுக்கிற போட்டோ மட்டும் அம்மாவின் வாட்ஸப்புக்குப் போகக் கூடாது. யாரும்மா அந்தப் பெரியவர் என்றுதான் அம்மா முதலில் கேட்பாள். ஏன் தலையை இப்படி வாரிக்கொண்டு போனாய் என்பது இரண்டாவது.

பதில் சொல்ல வேண்டும். டிரா கேட்டால் எந்திரத்துக்காக அதை இயக்குபவரே பதில் சொல்லலாம் என்று விதித்தாளில் போட்டிருக்கிறது. அவள் அதை மூன்று முறை படித்தாள். நல்லவேளை, வாயைத் திறக்காமலே மறுக்கவும் வழி உண்டு. அடுத்த காயை நகர்த்திவிட்டால் போதும், வேண்டாம் என்று அர்த்தம். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவளை மாதிரி ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஆக, சும்மா இருக்கலாம். லேப்டாப் யோசித்து முடிக்கும், நகர்வைச் சொல்லும், எடுத்து வைப்பாள், ஆறுச்சாமிக்குப் புரிந்துவிடும், யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. ஆனால் அது எந்த நகர்வைச் சொல்லும்? மூலையில் இருந்த யானை ஒரு கட்டம் பக்கவாட்டில் வந்தது. பிறகு மூலைக்கே போனது. மறுபடி வந்தது. எதிரே கறுப்பு மந்திரியும் அதே மாதிரி போவதும் வருவதுமாக இருக்கிறது. இப்போது யானை இன்னொரு தடவை மூலைக்குப் போனால், ஒரே நிலை பலகையில் மூன்றாம் முறை வந்ததாகிவிடும். ஆறுச்சாமி நடுவரைக் கூப்பிட்டுச் சுட்டிக் காட்டினால் அதோடு டிரா. டிரா என்றால், முன்வரிசையில் முறுக்குப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிற அவளுடைய பேராசிரியர் தண்டபாணி சார் நேற்றே சொல்லிவிட்டார்: "ஜெயிச்சுதுன்னா சென்னைப் போட்டிக்கு உன்னுது போகுது மோகனா. இல்லீன்னா நவநீதனோட பழைய 1.0 போகட்டும். ஆறு மாசம் போச்சு, அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று சொல்லும்போது அவர் கையால் எதையோ துடைத்த மாதிரி ஒரு சைகை செய்தார். கரும்பலகையைத் துடைப்பது மாதிரி. அவளோடு லேபில் இருக்கும் நவநீதன் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முறுக்கைத்தான் தின்றுகொண்டிருக்கிறான். நல்ல பையன். அதுதான் கஷ்டமே. கெட்டவனாக இருந்தால் தோற்கடிப்பதில் ஒரு சுகமாவது இருக்கும்.

திரையில் இரண்டு நகர்வுகளும் அவற்றுக்கு எந்திரம் போடும் மதிப்பெண்களும் மாறி மாறி ஓடுகின்றன. 'யானை மூலைக்கு: 85.' 'குதிரை நடுவுக்கு: 79.' புரோகிராமும் புரோகிராமும் மோதும் சென்னைப் போட்டியில் விதியே இதுதான்: எந்தப் புரோகிராமும் மூன்று நகர்வுக்கு மேல் முன்னால் பார்க்கக் கூடாது. கோடிக் கணக்கில் கணக்குப் போட்டு ஜெயிக்க எந்த எந்திரத்துக்கும் தெரியும். பலகையைப் பார்த்த மாத்திரத்தில் இடம் புரிகிறதா, இதுதான் கேள்வி. நவநீதனின் 1.0-க்கு இடமெல்லாம் புரியாது, காய்தான் புரியும். சிப்பாய் என்றால் நூறு, குதிரை முந்நூற்று இருபது, யானை ஐந்நூறு. "குதிரைன்னா முந்நூத்தி இருபது மோகனா, அது எங்க நின்னாலும் முந்நூத்தி இருபதுதான்" என்பான். எங்கே நின்றாலுமா? அவளுக்குப் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் பதில் வந்தது, எப்போதும் போல. பெரியம்மா இருக்கிறாள். எடை எழுபத்தெட்டுக் கிலோ, வீட்டில் இருந்தாலும் அதுதான், கல்யாணத்துக்கு வந்தாலும் அதுதான். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே பெரியம்மா, கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், அவளைக் கேட்காமல் ஓர் அப்பளம் வெளியே போக முடியாது. அந்த நாற்காலியில் பெரியம்மா ராணிக்குச் சமம். அதுதான் இடம். இதை நவநீதனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரியம்மாவைக் குதிரை என்றாயா என்று கேட்பான். பிறகு அது எப்படியோ பெரியம்மா காதுக்குப் போகும். போன வருஷம் ஈரோட்டில் 1.0 என்ன செய்தது? மூலையில் ஒரு சிப்பாய் சும்மா நிற்கிறதே என்று மந்திரியை அனுப்பித் தின்றது. எதிராளி பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளினான். கதவு சாத்தின மாதிரி. மந்திரி உள்ளே, வெளியே வர வழியில்லை. சித்தப்பா இப்படித்தான் ஒரு கல்யாணத்தில் ஐஸ்கிரீம் முதலில் வருகிறது என்று சுவரோரத்து இலைக்குப் போய் உட்கார்ந்தார். மேஜைகளை நெருக்கிப் போட்டுவிட்டார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளச் சத்தத்தை மட்டும் கேட்டார். ஈரோட்டில் ஹால் முழுக்கச் சிரித்த பிறகுதான் தண்டபாணி சார் அவளைக் கூப்பிட்டு, "இதுக்குக் கொஞ்சம் பொசிஷன்னா என்னன்னு சொல்லிக் குடு மோகனா" என்றார். சரிங்க சார் என்றாள். எதற்குத்தான் சரிங்க சார் என்று சொல்லவில்லை.

எண்பது. குதிரை எண்பதுக்கு வந்துவிட்டது. யானை மட்டும் எண்பத்தைந்திலேயே நிற்கிறது, அரைக்கால் புள்ளிகூட அசையவில்லை. அது ஏன் அசையவில்லை? மற்ற எண்ணெல்லாம் கொதிக்கிற உலை மாதிரி ஏறி இறங்குகிறது. அவள் அதற்கு இடம் சொல்லிக் கொடுத்த முறை இதுதான்: திரையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பலகைகள் வரும், எது வெள்ளைக்கு நல்ல நிலை என்று ஒன்றைத் தொட வேண்டும். இப்படிப் பன்னிரண்டாயிரம் ஜோடி. தொடத் தொட எந்திரம் அந்த ருசியைப் படித்துக்கொள்ளும். கல்லூரிச் செஸ் கிளப்பில் இருபது பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு அறுநூறு செய்யச் சொல் என்றார் சார். அவளும் போனாள். கிளப் அறை வாசல் வரைக்கும் போனாள். உள்ளே எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தாள். மறுநாள் மறுபடி போனாள், செருப்பைக்கூடக் கழற்றினாள், திரும்ப மாட்டிக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் லேப் மூலையில் உட்கார்ந்து பன்னிரண்டாயிரத்தையும் தானே தொட ஆரம்பித்தாள். யாருக்கும் தெரியாது. அறிக்கையில் 'இருபது ஆட்டக்காரர்களின் தேர்வு' என்று வரவேண்டிய இடத்தில் 'ஆட்டக்காரர் தேர்வு' என்று மட்டும் எழுதினாள்; பொய்யில்லை. இப்போது மேடையில், இத்தனை பேருக்கு நடுவில், அந்த யானை வெளியே வருவதையும் மூலைக்குப் போவதையும் பார்க்கப் பார்க்க அவளுக்குக் காது மடல் சூடாகிறது. அது கிளப் அறை வாசல். அது செருப்பைக் கழற்றுகிறது, மாட்டுகிறது. காலையிலிருந்து அது ஆடின ஒவ்வொரு நகர்வும் அவள்தான். ராஜாவை ஐந்தாவது நகர்விலேயே மூலையில் ஒளித்து வைத்தது. எதிராளியின் காயை வெட்டலாம் என்று வந்தபோது வெட்டாமல் ஒதுங்கி வழிவிட்டது. ராணியைத் தூணுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இரண்டு சிப்பாய்களுக்குப் பின்னால் நிறுத்தியது. அங்கிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம், யாரும் பார்க்க முடியாது. நல்ல இடங்கள்தான். ஒவ்வொன்றும் அருமையான இடம். ஆறுச்சாமிக்கே மூச்சு முட்டுகிறது, அதனால்தான் டிரா கேட்கிறார். ஆனால் அங்கே இருந்துகொண்டு அடுத்து என்ன செய்வது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அல்லவா சொல்லிக் கொடுத்திருப்பாள்.

குதிரை எண்பத்திரண்டு. அந்த நடுக்கட்டம் அத்தனை அழகான கட்டம். குதிரை அங்கே போய் உட்கார்ந்தால் கறுப்பின் பாதிப் படை எழுந்து நின்று கும்பிடு போட வேண்டும். ஆனால் ராஜாவுக்குக் காவலாக நிற்கிற கறுப்புச் சிப்பாய் ஒன்று இருக்கிறது. அது ஒரே ஒரு கட்டம் முன்னால் வந்தால் போதும், எழுந்திரு என்று குதிரையை விரட்டிவிடலாம். எழுந்திரு. ஏழாவது படிக்கும்போது ஒரு கல்யாணத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள், பட்டுப் பாவாடையை விரித்துக்கொண்டு. ஒரு மாமா வந்து, "பாப்பா, இது மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு, எந்திரி" என்றார். அந்த நாற்காலியிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் நடந்த நடை இருக்கிறதே. அதற்குப் பிறகு எவனாவது எழுப்பக்கூடிய இடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பன்னிரண்டாயிரம் ஜோடியில் அப்படிப்பட்ட இடத்தில் காய் நின்ற பலகையை ஒரு முறையாவது தொட்டிருப்பாளா? மாட்டாள். பாவம் இந்த லேப்டாப். அதற்கு யாரும் எந்திரி என்று சொன்னதில்லை. அவள் பட்டதை வைத்து அது பயப்படுகிறது. எண்பத்துமூன்று. யானை அதே எண்பத்தைந்து. அசையாத எண். அசையவில்லை என்றால் அது கணக்குப் போட்டு வந்ததில்லை. யாரோ எழுதி வைத்தது. யாரோ. ஐயோ.

ஐயோ, அது சமன். யானை மூலைக்குப் போனால் மூன்றாம் முறை, டிரா. டிராவுக்கு என்ன மதிப்பு என்று புரோகிராமில் ஒரு வரி இருக்கிறது; உலகத்தில் எல்லாரும் அதில் பூஜ்யம் என்று போடுவார்கள். வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை, பூஜ்யம். முதல் நாள், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்த வரியைப் பார்த்தபோது அவளுக்கு மனசு கேட்கவில்லை. பூஜ்யமா? இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டு, யாரும் அழாமல் எழுந்து போகிற ஒரு முடிவுக்குப் பூஜ்யமா? எண்பத்தைந்து போட்டாள். ஏன் எண்பத்தைந்து? நூறு என்றால் ஒரு முழுச் சிப்பாயாகிவிடும், அதிகம் என்று பதினைந்தைக் குறைத்தாள். அந்த விஷயத்தில் மட்டும் நியாயமாக இருந்திருக்கிறாள்! பெனாசிர் ஞாபகம்தான். பதின்மூன்று வயதில், பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியின் இறுதி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்த பெனாசிர் இரண்டு காய் குறைவாக வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மூக்கு சிவந்துவிட்டது. மோகனா பொறுக்க முடியாமல் டிரா வெச்சுக்கலாமா என்று கேட்டுவிட்டாள். பெனாசிர் கண்ணைக்கூடத் துடைக்காமல் கையை நீட்டினாள். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர்க் குழாயடியில் அதே பெனாசிர் கொய்யாப்பழத்தைக் கடித்தபடி தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அழுதேன் பாரு, உடனே குடுத்துட்டா. லூசு." அதுதான் மோகனா ஆடிய கடைசிப் போட்டி. அந்த லூசைத்தான் இப்போது எண் போட்டு எந்திரத்துக்குள் வைத்திருக்கிறாள். அதுவும் அழுகிறவர்களுக்கு மட்டுமில்லை, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு கம்பீரமாகக் கேட்கிறவர்களுக்கும் சேர்த்து. குதிரை எண்பத்துநான்கு. இன்னும் இரண்டே புள்ளி ஏறினால் போதும். ஏறு. எண்பத்துமூன்று. இறங்குகிறது. அவளுக்குத் தெரியும் அது இறங்கும் என்று. அவளாக இருந்தால் எண்பதிலேயே இறங்கியிருப்பாள்.

"ஏனுங் அம்மிணி, எந்திரத்துக்குக் காது கேக்காதுங்களா?" ஆறுச்சாமி கேட்டது ஹால் முழுக்கப் போயிற்று, தண்டபாணி சார்கூடச் சிரித்துவிட்டார். ஆறுச்சாமியின் சட்டைப் பையருகே, மேஜை மேல், நேற்று யாரோ மொய் வாசிக்க வைத்த மைக் இன்னும் நின்றுகொண்டிருந்தது. சற்று முன் அவர் இருமியபோது ஹாலே இருமியது. "கேக்குமுங்க" என்று சொல்ல நினைத்து, கேட்காதுங்க என்பதுதானே உண்மை என்று தோன்றி, இரண்டுமில்லாமல் அவள் புன்னகை மாதிரி ஒன்றைச் செய்தாள். அவர் மைக்கை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, குரலைத் தணித்து, பரிவாகச் சொன்னார்: "சும்மா சொல்லுங்க கண்ணு. ரெண்டு பேருக்கும் மரியாதையாப் போயிரும். கீழ கேசரி சூடா இருக்குது." நல்ல மனுஷன். நிறையப் பேர் நல்லவர்களாக இருந்து தொலைக்கிறார்கள். சரிங்க என்கிற சொல் அவள் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அதற்கு வழி நன்றாகத் தெரியும், எத்தனை வருஷமாகப் போய்வருகிற வழி. விடுதியில் இருந்த வருஷம் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த கட்டிலைக் கேட்டார்கள், சரிங்க. வீட்டு வாசலில் குக்கர் விற்க வந்தவன் ஐந்து லிட்டர் எடுங்க என்றான், வீட்டில் இரண்டே பேர், சரிங்க. அந்தக் குக்கரில் இன்னும் அம்மா தினமும் அரை ஆழாக்கு அரிசி போட்டு, மூடும்போதெல்லாம் அவளைப் பார்க்கிறாள். இப்போதும் சொல்லிவிட்டால் நான்கு நிமிடத்தில் கேசரி. நாளைக்கு லேபில் நவநீதன், பரவாயில்லை மோகனா, நல்லாத்தான் ஆடுச்சு என்பான். சார் கையால் துடைப்பார். பன்னிரண்டாயிரம் தடவை தொட்ட விரல், பெரியம்மாவின் நாற்காலி, தூணுக்குப் பின்னால் நிற்கிற ராணி, எல்லாம் துடைபட்டுப் போகும். குதிரை மறுபடி எங்கே நின்றாலும் முந்நூற்று இருபது. வாயைத் திறக்காமல் காயை நகர்த்தி மறுக்கலாம் என்று இருந்தாளே, அந்த வழியும் இல்லை. நகரப் போவது யானை. எந்திரம் சரிங்க சொல்லப் போகிறது. அதற்குச் சொல்லிக் கொடுத்தவளாவது வேறொன்றைச் சொல்ல வேண்டாமா? ஒருத்தியாவது? குனிந்து, மெல்ல, ஆறுச்சாமிக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். மைக்கை மறந்துவிட்டாள்.

"வேண்டாமுங்க!"

ஹாலின் நான்கு மூலைகளிலிருந்தும், பந்திக் கூடத்திலிருந்தும், வாசல் கூம்பு ஒலிபெருக்கி வழியாகச் சாலையிலிருந்தும் அந்த வேண்டாமுங்க திரும்பி வந்தது. நாற்பது மேஜைகளில் எண்பது தலைகள் நிமிர்ந்தன. கேசரிக் கரண்டியோடு ஒருவர் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னுங், கேசரி வேண்டாமுங்களா?" என்றார். மணமேடையில் உட்கார்ந்து ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லி மண்டபமே கேட்பது இதுதான் முதல் தடவையோ என்னவோ. அம்மாவுக்கு இனி போட்டோ தேவையில்லை, பல்லடம் வரைக்கும் கேட்டிருக்கும். அவளுக்குக் கால் கட்டைவிரலிலிருந்து உச்சி வரைக்கும் வேர்த்தது. எழுந்து ஓடலாம் என்றால் மேடைக்கு ஒரே படிக்கட்டு, அதற்கு நேர் கீழே தண்டபாணி சார். ஓட முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்; சித்தப்பா மாதிரி. அந்த நேரம் பார்த்து லேப்டாப் ஒரு சின்னச் சத்தம் போட்டு நகர்வைச் சொன்னது. யானை மூலைக்கு.

வைக்கத்தான் வேண்டும். கைக்கு வேறு உரிமை இல்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி மறுத்துவிட்டு, அடுத்த நொடி யானையை எடுத்துக் கொண்டுபோய் மூலையில் வைத்தாள். கிளப் அறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட அதே நிதானத்தோடு. கடிகாரத்தைத் தட்டினாள். மூன்றாம் முறை. இனி ஆறுச்சாமி கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் கூப்பிடவில்லை. சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். யானையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி யானையை. "டிரா வேண்டாம்னு மைக்குல சொல்லிப்போட்டு, யானையப் பின்னால வெக்குது" என்று முணுமுணுத்தார். "என்னமோ இருக்குது." இல்லைங்க, ஒன்றுமே இல்லைங்க, அதற்குப் பயம் அவ்வளவுதான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. ஜாடையாகக்கூடச் சொல்லக் கூடாது. அவள் பலகையின் ஓரத்தையே பார்த்தாள். அவளுக்கு எப்போதும் வருகிற பார்வைதான், யார் கண்ணையும் பார்க்காமல் ஒரே இடத்தை வெறிக்கிற பார்வை. ஆறுச்சாமி அதையும் கவனித்தார். "அம்மிணி மூஞ்சியில ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். அவர் நெற்றியில் சந்தனப் பொட்டின் ஓரம் நனைய ஆரம்பித்தது. அவர் எதையோ பார்த்துவிட்டார். ராஜா பக்கம் வரப்போகிற ஏதோ ஒரு பெரிய தாக்குதலை, அவளும் அறியாத, எந்திரமும் அறியாத ஒன்றை. மந்திரியைத் தொட்டிருந்தால் போதும், யானையும் அதுவும் இப்படியே போய்வந்துகொண்டிருக்கும். தொடவில்லை. வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடுவது என்று முடிவு கட்டினவர் மாதிரி, ராஜாவுக்குக் காவலாக நின்ற அந்தச் சிப்பாயைப் பிடித்து இரண்டு கட்டம் முன்னே தள்ளினார்.

இரண்டு கட்டம். ஒன்று இல்லை. மோகனப்பிரியா மூச்சை உள்ளே இழுத்தது மைக்கில் கேட்டது. குதிரையை எழுந்திரு என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், சொல்ல வேண்டிய இடத்தைத் தாண்டி வந்து நிற்கிறது. பலகையில் பின்னால் போக முடியாதது சிப்பாய் ஒன்றுதான். மைக்கில் சொன்ன சொல் மாதிரி. இனி அந்த நடுக்கட்டத்தில் போய் உட்கார்ந்தால் உலகத்தில் எந்தச் சிப்பாயாலும் எழுப்ப முடியாது. பெரியம்மாவின் நாற்காலி அது, பந்தி முடியும் வரைக்கும். இது புரிகிறதா உனக்கு? இது மட்டுமாவது புரியுமா? அவள் திரையைப் பார்த்தாள். லேப்டாப் இந்த முறை அத்தனை நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். 'குதிரை நடுவுக்கு: 171.' எண்பத்தைந்தும் அதற்கு மேலே இன்னோர் எண்பத்தைந்தும், ஒரு புள்ளி மிச்சம்.

கீழே நவநீதன் முறுக்கைப் பாதி வாயில் வைத்தபடி எழுந்து நிற்பது ஓரக் கண்ணில் தெரிந்தது. அவனுக்கும் புரிந்துவிட்டது. குதிரையை எடுத்தாள், அவசரத்தில் அது போகிற வழியில் ஒரு சிப்பாயின் தலையில் இடித்தது. "மன்னிச்சுக்குங்க" என்றாள், சிப்பாயைப் பார்த்து. அதுவும் மைக்கில் போனது. ஆறுச்சாமி அந்த நடுக்கட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "கேசரி வேண்டாம்னப்பவே நெனச்சனுங் அம்மிணி" என்றார். இன்னும் பதினைந்து நகர்வாவது ஆகும், ஆனால் அவர் முகத்தில் அது முடிந்துவிட்டிருந்தது. அவருடைய மந்திரி தன் சிப்பாய்களுக்குப் பின்னால், சித்தப்பா மாதிரி, சுவரோரத்து இலையில் உட்கார்ந்திருந்தது. சென்னைக்குப் போவதற்குள் அந்த ஒரு வரியை மாற்றிவிட வேண்டும் என்று மோகனப்பிரியா நினைத்துக்கொண்டாள். நாளைக்கே. முதல் வேலையாக. எண்பத்தைந்தெல்லாம் ரொம்ப அதிகம், பூஜ்யம்தான் முறை, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள். பூஜ்யம். ஆனால் யாராவது நிஜமாகவே அழுதால்? சரி, இருபது. இருபது வைத்துக்கொள்ளலாம். ஆறுச்சாமி கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றியபோது பொட்டு கலைந்து பாதி கைக்குட்டையோடு போய்விட்டது. நாற்பது.